மல்யுத்தம், வழி சாத்தூர்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு மல்யுத்தம் சாயங்காலம்தான் வரும். விருதுநகரில் புறப்பட்டு, ஆர்.ஆர். நகரில் நின்று, இங்கே வந்து சேர்வதற்குள் உட்கார இடம் இருக்காது. கோவில்பட்டி போகிற சனம் அதிலேயே ஏறிப் போய்விடும். சண்டையும் பார்த்த மாதிரி ஆச்சு, ஊருக்கும் போன மாதிரி ஆச்சு.

வருவது ஒரு மண்டபம். தகரக் கூரை, இரண்டு பக்கமும் கம்பி வைக்காத ஜன்னல்கள், நடுவில் கயிறு கட்டிய ரிங், சுற்றிலும் மடக்கு நாற்காலிகள். நெற்றியில் ஊர்ப் பலகை. மண்டபம் எப்படி நகர்கிறது என்று இதுவரை யாரும் குனிந்து பார்த்ததில்லை. ஏறுகிற அவசரத்தில் எவனுக்கு அதெல்லாம் தோன்றும்?

ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துத் தின்கிற நேரம்தான் நிற்கும். அதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட வேண்டும். துண்டு விழுந்த இடம் போட்டவருக்கு. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தையாவது மீறலாம், இதை மீற முடியாது. கலெக்டரே ஏறி வந்தாலும் துண்டு கிடந்தால் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.

குருவம்மாவுக்கு ஒரு நாளும் இடம் கிடைத்ததில்லை. அவள் போடுகிற துண்டு ஜன்னல் விளிம்பில் தொங்கும், இல்லாவிட்டால் காற்றில் திரும்பி அவள் முகத்திலேயே விழும். மண்டபம் போய்விடும். போகிற ஜன்னல் வழியாக, ரிங்கில் யாரோ அவள் புருஷனைத் தலைக்கு மேலே தூக்குவது தெரியும். கீழே போடுவதற்குள் மண்டபம் வளைவில் திரும்பிவிடும். சத்தம் மட்டும் பின்னால் வரும்.

அவள் புருஷன் பேர் வீரபுத்திரன். பேரில் இருப்பதோடு சரி. குழாயடியில் அடுத்தவருக்கு வழி விடுவார். ரேஷன் கடையில் பின்னால் நிற்பவரை முன்னால் அனுப்பி அனுப்பி, கடை சாத்தும் நேரத்துக்கு வெறும் பையோடு வீட்டுக்கு வருவார். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போனதில்லை என்று ஒரு பழமொழி உண்டே. சொன்ன ஆள் வீரபுத்திரனைப் பார்த்திருக்க மாட்டான்.

அவர் மல்யுத்தம் பார்க்கத்தான் போனார். மகள் மாரீஸ்வரி பாவாடை சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. நல்ல இடமாகத்தான் கிடைத்தது. நள்ளியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஏறினாள். இவர் எழுந்து இடம் கொடுத்தார். நிற்பதற்கு ரிங்கைத் தவிர வேறு இடமில்லை. அதில் ஏறி நின்றார்.

ரிங்குக்கு ஒரே விதிதான். ஜெயித்தவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம். தோற்றவர் அடுத்த சண்டைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வீரபுத்திரன் இன்னும் இறங்கவில்லை. மண்டை ஓடு போட்ட கறுப்பு முகமூடி ஒன்றைக் கொடுத்து, 'சுடுகாட்டுச் சூரன்' என்று பேரும் வைத்துவிட்டார்கள். எதிரே வருகிறவர்கள் எல்லாருக்கும் எங்கேயாவது இறங்கவேண்டிய அவசரம் இருந்தது. பாவம், போகட்டும் என்று இவர் படுத்துவிடுவார்.

இப்போது மாரீஸ்வரிக்குக் கல்யாணம். வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார்கள்.

"சண்டைக்குப் போயிருக்காக" என்றாள் குருவம்மா.

"எப்ப வருவாக?"

"ஜெயிச்சா வருவாக."

அவர்களுக்கு வீரபுத்திரனைத் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்தார்கள்.

மாரீஸ்வரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அப்பா வராம நான் மணவறையில உக்கார மாட்டேன். நீயே உக்காந்து தாலி கட்டிக்க."

அதனால்தான் குருவம்மா இன்றைக்கு வந்திருக்கிறாள். முன்வரிசையில் ஓர் இடம் வேண்டும். புருஷன் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஜெயித்துவிட்டு இறங்குங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம். பெரிய திட்டம் போடுகிறவள் இல்லை.

பஸ் ஸ்டாண்டு வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் சோலையம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெறுந்துண்டு காத்துல நிக்காதுக்கா. இந்தா, இத உள்ள வச்சு முடிஞ்சு போடு" என்று ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கொடுத்தாள்.

நல்ல யோசனைதான். ஆனால் காய் முற்றல். மண்டபம் வந்து நின்றதும் குருவம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி, இத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்து வீசினாள். பச்சைக்கரைத் துண்டு ஜன்னலைத் தாண்டியது. பின்வரிசையைத் தாண்டியது. முன்வரிசையையும் தாண்டி, கயிற்றுக்கு உள்ளே ரிங்கின் மூலையில் போய்த் தொப்பென்று விழுந்தது.

சண்டை நின்றுவிட்டது. அப்போது வீரபுத்திரனின் நெஞ்சில் கழுகுமலைக் கழுகு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் இறக்கை கட்டிய வாட்டசாட்டமான ஆள். நடுவர் இரண்டு எண்ணி முடித்து மூன்றாவதற்குக் கையை ஓங்கியிருந்தார். ஓங்கிய கையோடு துண்டைப் பார்த்தார்.

"யாரு போட்ட துண்டு?"

"நாந்தான்" என்றாள் குருவம்மா, ஜன்னலுக்கு வெளியே இருந்து.

"அப்ப இந்த மூல உங்களுது. ஏறி வாங்க."

கழுகு எழுந்து நின்றான். "நான் கோவில்பட்டியில எறங்கணும் சார். தங்கச்சி வீட்டுல கொழம்பு வச்சிட்டுக் காத்திருக்கு."

"துண்டு கெடக்கேப்பா."

கழுகு துண்டைப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். "சரி, நான் நின்னுக்கிட்டே வாறேன்" என்று கீழே இறங்கி, கூரையிலிருந்து தொங்கிய வளையத்தைப் பிடித்துக்கொண்டான்.

குருவம்மா ஏறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். மண்டபம் புறப்பட்டது.

வாசலிலிருந்து ரிங் பக்கத்தில்தான் தெரிந்தது. நடந்தாள். நடக்க நடக்க வரிசைகள் வந்துகொண்டே இருந்தன. பாதி வழியில் ஒருவர் டீ விற்றார். ஜன்னலில் சாத்தூர் முடிந்து கரிசல் காடு வந்துவிட்டது. ஒரு வரிசையில் நாற்காலிக்கு மேலே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பெண் இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் மேலே காட்டி. "நான் சூரனுக்கு ஃபேன், ஃபேன்னு கத்தாதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

"காத்து நல்லா வருது" என்றாள் குருவம்மா மரியாதைக்கு.

"அது வரும். வீட்டுல இருந்தப்ப இந்தப் பிரயோஜனம்கூட இல்ல."

ஒருவழியாக ரிங் வந்தது. உயரமாகத்தான் இருந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கயிற்றுக்கு நடுவில் குனிந்து உள்ளே போனாள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு மைக்காரர் ஓடி வந்தார். "பேரு சொல்லுங்கம்மா. பயங்கரமா இருக்கணும்."

"மாரீசு அம்மா."

"இந்த மூலையில்..." என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார், "சாத்தூரை நடுங்கவைத்த, இதுவரை யாரும் வீழ்த்தாத, மாரீசு அம்மா!"

சனம் எழுந்து நின்று கை தட்டியது. யாரும் அவளை வீழ்த்தியதில்லை என்பது உண்மைதான்.

மணி அடித்தது. சுடுகாட்டுச் சூரன் முகமூடிக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தார்.

"ஏ குருவு! நீ எங்க இங்கிட்டு?"

"ஒங்களத்தான் பாக்க வந்தேன். மாரீசுக்குக் கல்யாணம். வெள்ளிக்கெழம."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "மாரீசுக்கா? சின்னப்புள்ளையாச்சே."

"நீங்க உள்ள இருக்கப் போயி சின்னப்புள்ள. வெளிய வளந்துட்டா."

இருவரும் கைகளை விரித்துக்கொண்டு ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். அப்படிச் சுற்றினால்தான் சண்டை நடக்கிறதாகக் கணக்கு. மாப்பிள்ளைக்கு சிவகாசியில் அச்சகத்தில் வேலை என்று ஒரு சுற்றில் சொன்னாள். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான் என்று அடுத்த சுற்றில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மண்டை ஓடும் சேர்ந்து ஆடியது.

"இந்தா பாருங்க. என்னத் தோக்கடிச்சிட்டு எறங்குங்க. அப்பா இல்லாம மணவறையில உக்கார மாட்டேங்கா."

"நான் எறங்குனா நீ உள்ள இருக்கணுமே."

"இருந்துட்டுப் போறேன்."

"கல்யாண வீட்டுல பெத்தவ இல்லாமயா? பந்திய யாரு பாப்பா? வாறவுகள வாங்கன்னு யாரு கேப்பா? நீ போ புள்ள. நான் இருந்து பழகிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மல்லாந்து விழுந்தார். இவள் தொடவே இல்லை. தரை அதிர்ந்தது. சனம் ஆகா என்றது.

"வந்து நெஞ்சுல கைய வையி. மூணு எண்ணுனா முடிஞ்சுபோச்சு."

குருவம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடமும் இந்த மனிதர் தோற்கத்தான் பார்க்கிறார். சண்டை பிடிப்பதற்காவது எழுந்திருக்கக் கூடாதா?

"எந்திரிங்க. எந்திரிச்சு என்ன அடிங்க. நாக்காலியக் கொண்டுதானே அடிப்பாக? அத எடுங்க."

அவர் எழுந்தார். ரிங்கின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி சாத்திவைத்திருந்தது. அதை எடுத்துப் பிரித்தார். துண்டின் ஒரு முனையால் உட்காரும் பலகையை நன்றாகத் துடைத்தார். அவளுக்கு முன்னால் போட்டார்.

"உக்காரு. அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருப்ப."

மைக்காரர் சற்று நேரம் யோசித்தார். "என்ன ஒரு தாக்குதல்!" என்றார்.

குருவம்மா உட்காரவில்லை. அவளும் மல்லாந்து படுத்துவிட்டாள். அவரும் பார்த்தார், மறுபடி படுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. நடுவர் அந்த இடத்தில் மண்டியிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார். ஒருவர்மேல் ஒருவர் விழாமல் அவர் எதை எண்ணுவது? வீரபுத்திரன் அவளுடைய கையைப் பிடித்துத் தன் நெஞ்சுக்கு இழுத்தார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவள் அவர் கையை இழுத்தாள். அவர் அதை முதுகுக்குக் கீழே ஒளித்துவைத்துக்கொண்டார்.

"இருவரும் பயங்கரமாகப் படுத்திருக்கிறார்கள்" என்றார் மைக்காரர்.

நள்ளி வந்தது. யாரும் இறங்கவில்லை. ஆண்கள் பக்கம் "சூரனே எறங்கு" என்று கத்தினார்கள். பெண்கள் பக்கமும் "சூரனே எறங்கு" என்றுதான் கத்தினார்கள்.

குருவம்மா துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளரிக்காய் நடுவில் விண்டிருந்தது. பாதியை அவரிடம் கொடுத்தாள். படுத்துக்கொண்டே தின்றார்கள்.

"அந்தக் கருமத்தக் கழட்டுங்க மொதல்ல."

அவர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே அதே முகம்தான் இருந்தது. காதோரம் நரைத்திருந்தது. முகமூடித் தையல் கன்னத்தில் பதிந்திருந்தது. அவள் அதைப் பெருவிரலால் நீவிவிட்டாள்.

"அடுப்பாங்கரை ஒழுகுச்சே, ஓடு மாத்துனியா?"

"மாத்தியாச்சு."

"வாசல்ல நின்ன முருங்க?"

"காத்துல சாஞ்சிருச்சு. கொப்ப வெட்டி வச்சேன், இப்ப அதுல காய்க்குது."

"மாரீசு என்ன ஏசுதாளா?"

"ஏசல. தெனம் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஜன்னலப் பாத்துட்டுப் போவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

அவர் கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. கூரைத் தகரத்தில் வெயில் சிவப்பாக ஊர்ந்துபோனது. மண்டபம் மெல்லத் தாலாட்டியது.

"படுத்து எம்புட்டு நாளாச்சு குருவு" என்றார்.

"தெனம் படுக்கத்தானே செய்தீக?"

"அது அவுக தூக்கிப் போடுறது. நானாப் படுக்கல."

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. குருவம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. தூக்கத்தில் இந்த மனிதர் இடது பக்கம் புரண்டு கையைத் தூக்கிப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற பழக்கம். நெஞ்சில் உலக்கை விழுந்த மாதிரி இருக்கும். எத்தனையோ ராத்திரி அவள் அதைத் தூக்கி எறிந்திருக்கிறாள். தள்ளிப் படுங்களேன், மனுசி மூச்சுவிட வேண்டாமா என்று ஏசியிருக்கிறாள். பிற்பாடு அந்தக் கை இல்லாமல் தூக்கம் வராமல் புரண்ட ராத்திரிகளும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மெதுவாக எழுந்து, அவருடைய இடது பக்கம் போய், ஒட்டிப் படுத்தாள். இரண்டு தோளும் தரையில் படும்படி பார்த்துக்கொண்டாள். துண்டை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள். பிறகு நடுவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

நடுவர் புரிந்துகொண்டார். மண்டபம் முழுக்கப் புரிந்துகொண்டது. முறுக்குத் தின்றவர்கள் கடிப்பதை நிறுத்தி ஊறவைத்தார்கள். ஃபேனின் பெண்டாட்டி அண்ணாந்து பார்த்து முறைத்தாள். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. கோவில்பட்டி வந்தபோது கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஊதாமல் எடுத்தார். இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. மண்டபம் ஓசைப்படாமல் திரும்பி மறுபடி சாத்தூர் பக்கம் வந்தது.

வீரபுத்திரன் புரண்டார். வலது பக்கம் புரண்டார்.

"அடி ஆத்தி" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் முனகினார். பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்தினார்.

குருவம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாங்க, வாங்க என்று மனசுக்குள் கூப்பிட்டாள். இருக்கன்குடி மாரியம்மாளுக்குக் கண்மலர் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். அவர் என்னவோ முணுமுணுத்தார். யாருக்கோ வழி விடுகிறார் போலிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, இந்தப் பக்கம் திரும்பி, கையைத் தூக்கி அவள் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டார்.

அதே உலக்கைதான்.

நடுவர் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தரையைத் தட்டினார். ஒன்று.

இரண்டு.

ஒரு தோளைத் தூக்கினால் போதும், எண்ணிக்கை நின்றுவிடும். விடிகிறவரை இப்படியே கிடக்கலாம் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. பொல்லாத ஆசை. அவள் தோளைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டாள்.

மூன்று.

மணி அடிக்கிறவர் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அடித்தார். மைக்காரர் மைக்கை வேட்டிக்குள் சுருட்டி, "சுடுகாட்டுச் சூரன் வெற்றி" என்று பக்கத்து ஆளின் காதில் சொன்னார். அந்த ஆள் அடுத்தவர் காதில் சொன்னார். வெற்றி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. குருவம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மண்டபம் நின்றது. கண்டக்டர் காலைப் பிடித்தார், கழுகு தலையைப் பிடித்தான். தூங்குகிற ஆளை அப்படியே கொண்டுபோய், சோலையம்மாவின் கூடைக்குப் பக்கத்திலிருந்த சிமெண்டுப் பெஞ்சில் கிடத்தினார்கள். குருவம்மா வாசல் படிவரை வந்து நின்றாள். அதற்கு மேல் தோற்றவர்கள் போகக் கூடாது.

"அந்தத் துண்ட எடுத்துக் குடுங்க" என்றாள்.

"தலைக்கு இருக்கட்டுமேம்மா" என்றார் கண்டக்டர்.

"இருக்கக் கூடாது. அவுகளப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

கழுகு தன் இறக்கை ஒன்றைக் கழற்றி அவர் தலைக்கு வைத்துவிட்டு, துண்டை உருவிக்கொண்டு வந்து கொடுத்தான். நின்றுகொண்டு வருகிறவனுக்கு ஒரு இறக்கை போதும் என்றான்.

விசில் சத்தத்தில் வீரபுத்திரன் விழித்துக்கொண்டார். பெஞ்சைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். நகர்கிற மண்டபத்தின் ஜன்னலில் குருவம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார். ஓடிக்கொண்டே, இடம் பிடிக்கிற எந்த மனிதனும் செய்கிற மாதிரி, அவர் கை தானாகத் தோளுக்குப் போனது.

தோளில் ஒன்றும் இல்லை.

அவர் சோலையம்மாவைப் பார்த்தார். அவள் தலைச் சும்மாட்டை எடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். டீக்கடைக்காரரின் தோளைப் பார்த்தார். அவர் துண்டை உருவிப் பாய்லருக்குப் பின்னால் போட்டார். பஸ் ஸ்டாண்டில் துண்டு வைத்திருந்த அத்தனை பேரும் அதை மடித்து மடியில் செருகிக்கொண்டார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீலப் பெட்டியில பட்டு வேட்டி இருக்கு!" என்று குருவம்மா கத்தினாள். "வெள்ளிக்கெழம வெள்ளன குளிச்சிருங்க! யாருக்கும் வழி விட்டுக்கிட்டு நிக்காதீக!"

அவர் வெறுந்தோளில் கையை வைத்தபடி நின்றார். சிறிதாகிக்கொண்டே போனார். வளைவு வந்தது.

ஆர்.ஆர். நகரில் ஒருவன் துண்டைச் சரியாக ரிங்குக்குள் போட்டு ஏறினான். வாசலில் குனிந்தும் தலை இடித்தது. கையைக் கூப்பினான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"எங்க எறங்கணும் தம்பி?" என்றாள் குருவம்மா.

"விருதுநகர்க்கா. அம்மாவுக்கு மருந்து வாங்கணும்."

"அம்மாவுக்கு என்ன?"

"மூட்டு வலி."

"நொச்சி எலைய வதக்கி ஒத்தடம் குடுக்கச் சொல்லு. அதுவரைக்கும் தாங்கும்." பச்சைக்கரைத் துண்டை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டாள். "எனக்கு வெள்ளிக்கெழம மக கல்யாணம். தப்பா நெனச்சுக்காத, என்ன?"

மணி அடித்தது. குருவம்மா மடக்கு நாற்காலியை எடுத்தாள். துடைக்கவில்லை.